பிரான்ஸ் லிஸ்ட்: மேடையும் புகைப்படமும்

சிற்பி செதுக்கிய கல் அவனுக்குப் பின்னும் நிற்கும். ஓவியன் தீட்டிய படம் அவன் மறைந்த பின்னும் சுவரை அணிசெய்யும். புலவன் இயற்றிய பாட்டு ஏட்டில் ஏறி வாழும். இசைவாணனுக்கோ அந்தப் பேறு நெடுங்காலம் வாய்க்கவில்லை. அவன் எழுப்பிய நாதம் காற்றிற் பிறந்து காற்றிலேயே கலந்துவிடும். கேட்டோர் நெஞ்சில் அது சில காலம் தங்கும். அவர்களும் மறைந்தபின் அவன் பெயர் மட்டுமே எஞ்சும். ஆதலின் பழைய இசைப் பெரியார்களை நினைக்குந்தோறும், அவர்தம் முகம் எவ்வாறிருந்தது, மேடையில் அமர்ந்தபோது எத்தகைய தோற்றம் கொண்டிருந்தனர், மேடையை விட்டு இறங்கியபின் எவ்வாறு வாழ்ந்தனர் என்றெல்லாம் அறிய நம் மனம் அவாவுகின்றது.

அந்த அவாவை ஓரளவு தீர்க்க வந்தது புகைப்படக் கலை. பிரெஞ்சு நாட்டினரான டாகேர் என்பார் கண்டறிந்த முறை 1839-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19-ந் தேதி பாரிஸ் நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. அதே ஆண்டின் இறுதியிலேதான், ஹங்கேரி நாட்டுப் பியானோ மேதை பிரான்ஸ் லிஸ்ட் ஐரோப்பாக் கண்டத்தை வலம்வரப் புறப்பட்டார். அன்று தொட்டு அவர் மறைந்த 1886-ம் ஆண்டு வரை, கலை வளர வளரக் கலைஞர் மூப்படைந்தார். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இசைவாணருள் அவரைப்போல் பன்முறை படம் பிடிக்கப்பட்டோர் மிகச் சிலரே. ஆயினும், எந்த மேடை வாழ்வினால் அவர் உலகப் புகழ் எய்தினாரோ, அந்த மேடையைப் புகைப்படக் கருவி ஒருமுறையேனும் பிடித்துவைக்கவில்லை. அது நமக்கு விட்டுச்சென்றது மேடைக்கு வெளியே வாழ்ந்த லிஸ்ட்டை மட்டுமே. இஃது இழப்போ, பேறோ என்பதை அவர்தம் வாழ்க்கையைக் கண்டபின் நாமே தேர்ந்துகொள்ளலாம்.

பிறப்பும் இளமையும்

லிஸ்ட் 1811-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ந் தேதி ரைடிங் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் அந்நாளில் ஹங்கேரி அரசைச் சேர்ந்திருந்தது. இன்று ஆஸ்திரிய நாட்டின் எல்லைக்குள் உள்ளது. தந்தையார் ஆதாம் லிஸ்ட், எஸ்டர்ஹாசி என்னும் பிரபுக் குடும்பத்தின் ஆட்டுப் பண்ணையை மேற்பார்க்கும் பணியாளர். புகழ்பெற்ற ஹைடன் பல்லாண்டு இசைத் தலைவராய் விளங்கியது அந்தப் பிரபுக் குடும்பத்திலேயே. ஆதாமும் இசையறிவு வாய்ந்தவர். அரண்மனை வாத்திய கோஷ்டியில் செல்லோ வாசித்தவர். தம் ஆசை ஆட்டுக் கணக்கோடு முடிந்துபோனாலும் மகனுடைய திறமை அவ்வாறு முடங்கலாகாது என்று அவர் உறுதி கொண்டார்.

சிறுவர் லிஸ்ட் 1820-ம் ஆண்டு சோப்ரான், பிரஸ்பர்க் ஆகிய நகரங்களில் வாசித்தார். பிரஸ்பர்க்கில் அவர் வாசிக்கக் கேட்ட ஹங்கேரியப் பிரபுக்கள் சிலர், அவருடைய கல்விக்கென ஆண்டுக்கு 600 புளோரின் வீதம் ஆறாண்டுகள் உதவ முன்வந்தனர். தந்தையார் வேலையைத் துறந்து, 1822-ம் ஆண்டு மகனை வியன்னா நகருக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் செர்னி. இவர் பீத்தோவனிடம் நேரே பயின்றவர். நகரத்துச் செல்வர் பலர் பொருள் கொடுத்து இவரிடம் பாடங் கேட்கக் காத்திருந்தனர். எனினும் இவர் லிஸ்ட்டின் திறமையைக் கண்டபின் கூலி வாங்க மறுத்துவிட்டார். சாலியெரி என்னும் முதிய இத்தாலிய வித்துவானும் அவ்வாறே பொருள் பெறாது இசை இயற்றும் முறையைக் கற்பித்தார். பிற்காலத்தில் லிஸ்ட் ஆசிரியராய் அமர்ந்தபோது நடந்துகொண்ட முறைக்கு வித்து இங்கேயே ஊன்றப்பட்டது எனலாம். 1822-ம் ஆண்டு டிசம்பர் முதல் தேதி, பதினோரு வயது நிரம்பிய அவர் வியன்னா நகரத்துச் சபையில் முதன்முறை வாசித்துப் பாராட்டுப் பெற்றார்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் தந்தையும் மகனும் பாரிஸ் நகரை அடைந்தனர். அங்குள்ள புகழ்வாய்ந்த இசைக் கல்லூரியில் சேர விரும்பினர். பிறநாட்டாரைச் சேர்ப்பது விதிக்கு மாறு என்று கூறித் தலைவர் செருபீனி மறுத்துவிட்டார். அவரும் இத்தாலியிலிருந்து வந்தவரே என்பது வியப்பு. கல்லூரி மூடிய கதவைப் பியானோ செய்யும் தொழிலாளர் ஒருவர் திறந்தார். செபாஸ்தியன் எரார் என்பவரே அவர். விசைக்கட்டை முழுதும் மேலெழுமுன்னரே அதே சுரத்தை மீண்டும் ஒலிக்கச் செய்யும் நுண்ணிய பொறியமைப்பை 1821-ம் ஆண்டில் ஆக்கியவர். அப் புதிய பியானோவின் வேகத்துக்கு ஈடுகொடுக்க லிஸ்ட்டின் விரல்கள் இருந்தன. அவ்விரல்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அப் பியானோ இருந்தது. 1824-ம் ஆண்டு இங்கிலாந்து சென்று, நான்காம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையிலும் சிறுவர் வாசித்தார்.

துயரும் தெளிவும்

1827-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி, பிரான்சு நாட்டுக் கடற்கரை ஊராகிய பூலோனில் ஆதாம் லிஸ்ட் நோயுற்று இறந்தார். மகனுக்கு அப்போது வயது 15. விந்தைக் குழந்தை என்று கொண்டாடப்பட்ட சிறுவர், ஒரே நாளில் தாயைக் காக்கவேண்டிய குடும்பத் தலைவர் ஆனார். பாரிஸ் நகரில் சிறு இல்லம் அமர்த்தித் தாயாரை வரவழைத்து, காலை முதல் இரவு வரை வீடுவீடாய்ச் சென்று பியானோப் பாடம் சொல்லி வாழ்க்கை நடத்தினார். பாடங் கேட்ட உயர்குடிப் பெண்ணொருத்தியிடம் அவர் கொண்ட காதல், அவளுடைய தந்தையால் தடுக்கப்பட்டது. துயரம் நோயாயிற்று. அவர் இறந்துவிட்டார் என்று 1828-ம் ஆண்டில் பாரிஸ் பத்திரிகை ஒன்று இரங்கற் செய்தியும் வெளியிட்டது.

1832-ம் ஆண்டு அவர் பகானீனியின் வயலின் இசையைக் கேட்டார். நரம்பு நான்கினைக் கொண்டு ஒரு மனிதர் இத்துணை அற்புதம் விளைவிக்கக் கூடுமாயின், பியானோவில் எத்துணை விளைவிக்கலாம் என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. முன்னரே பெயர் பெற்றவராயினும் தொடக்க மாணவரைப்போல் நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் விரற்பயிற்சியில் ஈடுபட்டார். நல்ல நூல்களையும் இடைவிடாது படித்தார். தம் கல்வியின் குறையைத் தாமே உணர்ந்து நிரப்பிக்கொண்ட காலம் இது.

1838-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டான்யூப் நதி பெருக்கெடுத்துப் பெஸ்ட் நகரை அழித்தது. அப்போது வெனிஸ் நகரில் இருந்த லிஸ்ட், செய்தியைப் பத்திரிகையிற் கண்டதும் வியன்னாவுக்கு விரைந்தார். அங்கு அவர் நடத்திய கச்சேரிகளின் வாயிலாக 24,000 குல்டன் வரை சேர்ந்தது. குழந்தைப் பருவத்தில் தம்மைக் கைதூக்கிய நாட்டுக்கு அவர் முதன்முதல் செலுத்திய கைம்மாறு அது.

அடுத்த ஆண்டு வேறொரு செய்தி வந்தது. பான் நகரில் பிறந்த பீத்தோவனுக்கு அந்நகரில் உருவச்சிலை நிறுவ ஒரு குழுவினர் முயன்றனர். பிரான்சு நாடு முழுவதும் திரட்டிய நன்கொடை 424 பிராங்க் 90 சாந்தீம் மட்டுமே என்று அறிந்த லிஸ்ட் வெட்கமும் சினமும் கொண்டார். குறையும் தொகையைத் தாமே தருவதாக 1839-ம் ஆண்டு அக்டோபரில் எழுதிவிட்டார். அவரிடம் அப்பொருள் இல்லை. பத்து விரல்களே இருந்தன. அதைத் திரட்டும்பொருட்டே அவர் மேடைகளை நாடிப் புறப்பட்டார். பீத்தோவன் 1827-ம் ஆண்டிலேயே மறைந்தவராதலின் அவருக்குப் புகைப்படம் என்பதே இல்லை. முகம் மறையக்கூடிய ஓர் இசைப் பெரியாருக்கு வெண்கலத்தில் முகம் அமைக்கவே லிஸ்ட்டின் பெரும் பயணம் தொடங்கிற்று. அச்சிலை 1845-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ந் தேதி, விக்டோரியா மகாராணியாரும் பிரஷ்ய மன்னரும் காணத் திறந்துவைக்கப்பட்டது.

மேடை வாழ்வு

1839 முதல் 1847 வரை லிஸ்ட் சென்ற வழிகளை வரைபடத்திற் குறித்தால் ஐரோப்பா முழுவதும் கோடுகளாய் நிறையும். மேற்கே லிஸ்பன், வடக்கே பீட்டர்ஸ்பர்க், தென்கிழக்கே கான்ஸ்டாண்டினோபிள் எனப் பல நகரங்களை அவர் கண்டார். இருப்புப் பாதைகள் அரிதாயிருந்த காலம் அது. பெரும்பாலும் குதிரை வண்டியிலேயே பயணம்.

கச்சேரி முறையையே அவர் மாற்றினார். அதுகாறும் ஒரே சபையில் பாடகரும் பல வாத்தியக்காரரும் மாறிமாறித் தோன்றுவது வழக்கம். லிஸ்ட் தாம் ஒருவரே முழுக் கச்சேரியையும் நடத்தினார். 1840-ம் ஆண்டு ஜூன் மாதம் 9-ந் தேதி லண்டன் நகரத்து ஹானோவர் சதுக்க மண்டபத்தில் அவ்வாறு வாசித்தபோது, ரிசைட்டல் என்னும் பெயர் அத்தகைய கச்சேரிக்கு முதன்முதல் இடப்பட்டது. ஏடு பாராமல் மனப்பாடமாய் வாசித்தார். பியானோவைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதன் மூடியைத் திறந்து, ஒலி சபையை நோக்கிப் பாயுமாறு செய்தார். வாசிப்பவரின் முகமும் கையும் இதனால் அனைவர் கண்ணுக்கும் புலனாயின. இன்று உலகெங்கும் பியானோ மேடையிற் காணும் ஏற்பாடு இதுவே.

பெர்லின் நகரில் 1841-ம் ஆண்டு டிசம்பர் இறுதி முதல் பத்து வாரங்களில் 21 கச்சேரிகள் நிகழ்த்தினார். எண்பது உருப்படிகள் வாசித்ததில் ஐம்பது நினைவிலிருந்தே வாசித்தவை. அவர் விட்டுச்சென்ற கையுறைகளைக் கிழித்துப் பங்கிட்டுக்கொண்ட பெண்மணிகளும் இருந்தனர். நகரை விட்டு நீங்கியபோது ஆறு வெண்குதிரைகள் பூட்டிய வண்டியில் மன்னரைப்போல் அவரை வழியனுப்பினர். இந்த ஆரவாரத்தைக் கண்ட கவிஞர் ஹைனே, இதனை ஒரு நோய் போலக் கருதி லிஸ்ட்டின் பெயராலேயே ஒரு பெயரும் சூட்டினார்.

இத்துணை ஆரவாரத்தைப் புகைப்படம் ஏன் பிடிக்கவில்லை? அந்நாளைய முறை அத்தகையது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியிற் காட்டி, கருவியில் வைத்து, ஒளிபடச் செய்து, பின் பாதரச ஆவியில் உருவை வெளிப்படுத்தவேண்டும். தொடக்கத்தில் நல்ல வெயிலிலும் பல நிமிடங்கள் ஆயின. சில ஆண்டுகளிற் பின் நிமிடத்திற்குக் குறைந்தது. அதுவரையில் அமர்ந்தவர் அசைதல் ஆகாது. பிடரியின் பின்னே இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்தித் தலையை நிலைநிறுத்துவர். மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரியும் மண்டபத்தில் இது நடவாத காரியம். மேலும் லிஸ்ட்டின் கைகளோ கண்ணுக்கே எட்டாத வேகத்தில் ஓடுவன. ஒருவாறு படம் எடுத்திருப்பினும் கைகள் இருக்கவேண்டிய இடத்தில் புகைபோன்ற மங்கலே பதிந்திருக்கும். அசையாததை மட்டும் அறிந்த கருவிக்கு, அசைவையே உயிராகக் கொண்ட கலை அகப்படவில்லை.

ஆகவே மேடை லிஸ்ட்டை நமக்குக் காட்டுவோர் ஓவியரே. வியன்னாவில் ஜோசப் டான்ஹவுசர் 1840-ம் ஆண்டு தீட்டிய ஓவியத்தில், லிஸ்ட் பியானோ வாசிக்க, பகானீனி, ரோசீனி, விக்டர் ஹியூகோ, டியூமா, ஜார்ஜ் சாண்ட் முதலியோர் சூழ்ந்து கேட்கின்றனர். பீத்தோவனின் மார்பளவுச் சிலை மேலிருந்து நோக்குகின்றது. காட்சி அழகியது, ஆனால் அவ்வாறு அவர்கள் ஒருங்கே கூடியது ஓவியர் கற்பனையிலேதான். ஓவியத்தைத் தீட்டச் சொன்னவர் கிராப் என்னும் பியானோ உற்பத்தியாளர். அவர் செய்த பியானோவே அதில் இருப்பது. விளம்பரமும் வழிபாடும் அதிற் கலந்துள்ளன. ஹோஸெமான் என்பார் பெர்லின் கச்சேரியை வரைந்த கேலிச்சித்திரமோ சபையோரின் பித்தைப் பழிப்பதற்கென வரைந்தது. ஓவியம் மிகையாகப் போற்றியது. கேலிச்சித்திரம் மிகையாகத் தூற்றியது. உள்ளதை உள்ளவாறு காட்ட ஒருவரும் இல்லை.

1843-ம் ஆண்டு ஹாம்பர்க் நகரத்துப் புகைப்படக்காரர் ஹெர்மன் பியோ, லிஸ்ட்டைத் தம் கூடத்தில் அமைதியாய் நிறுத்திப் படம் பிடித்தார். இன்று அறியப்பட்டுள்ள லிஸ்ட் படங்களுள் இதுவே முற்பட்டது. நீண்ட தலைமயிரும் மெலிந்த முகமும் உடைய இளைஞரை அதிற் காண்கின்றோம். சபையோர் இல்லை, கரகோஷம் இல்லை. ஐரோப்பா முழுவதும் பித்துக்கொண்ட ஒருவர், அக்கருவியின் முன்னே ஒரு சாதாரண மனிதரைப்போல் அசையாமல் அடங்கியிருக்கவேண்டியதாயிற்று.

மேடை துறத்தல்

புகழின் உச்சியில் நிற்போர் அதினின்றும் தாமே இறங்குவது அரிது. லிஸ்ட் இறங்கினார். 1847-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இன்றைய யுக்ரேன் நாட்டைச் சேர்ந்த எலிசபெத்கிராட் நகரில் கட்டணக் கச்சேரியை முடித்துக்கொண்டபோது அவருக்கு வயது 35. அதன்பின் 39 ஆண்டுகள் வாழ்ந்தும், தம் சொந்த ஊதியத்துக்காக அவர் மேடை ஏறவில்லை. ஏழைகளுக்காகவும் பொதுக் காரியங்களுக்காகவும் வாசித்ததுண்டு. வந்த பொருள் அவர் பையைச் சேர்ந்ததில்லை.

1848-ம் ஆண்டு முதல் ஜெர்மனியின் வைமார் என்னும் சிறு நகரில் அரண்மனை இசைத் தலைவராய் அமர்ந்தார். கேட்போர் சிலர், வாத்தியக்காரர் தொகையும் குறைவு. எனினும் பிறர் இயற்றிய புதிய இசையை உலகிற்கு அறிமுகம் செய்யும் பணியை அங்கே மேற்கொண்டார். டிரெஸ்டன் கலகத்திற் கலந்துகொண்டு நாட்டை விட்டு ஓடிய வாக்னரின் லோஹென்கிரின் என்னும் இசை நாடகத்தை, 1850-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ந் தேதி முதன்முதல் அரங்கேற்றியவர் லிஸ்ட்டே. இயற்றியவரோ சுவிட்சர்லாந்தில் அகதியாய் இருந்தார். சூபர்ட் இறந்து 26 ஆண்டுகள் ஆகியும் அரங்கு காணாதிருந்த அவருடைய நாடகம் ஒன்றனை 1854-ம் ஆண்டில் மேடையேற்றினார். பெர்லியோஸ், சூமான் ஆகியோர் படைப்புகளும் அங்கு இடம் பெற்றன. தாமும் சிம்பனிக் கவிதைகள் பன்னிரண்டும், பௌஸ்ட் சிம்பனி முதலிய பெரும் படைப்புகளும் இயற்றினார். 1858-ம் ஆண்டு டிசம்பரில், தம் இளைய நண்பர் கார்னீலியஸ் இயற்றிய இசை நாடகத்தைச் சபையில் ஒரு கூட்டத்தார் கூச்சலிட்டு அவமதித்தனர். அதனைப் பொறாது லிஸ்ட் அப்பதவியிலிருந்து விலகினார். தமக்குக் கிடைத்த கைதட்டல்களை எளிதில் துறந்தவர், பிறருக்கு நேர்ந்த அவமதிப்பைப் பொறுக்கவில்லை.

அங்கியும் அட்டைப் படமும்

லிஸ்ட் குற்றமற்றவர் அல்லர். மாரீ தாகூல் என்னும் பிரபுக் குலப் பெண்மணியுடன் மணமின்றி வாழ்ந்து மூன்று குழந்தைகளைப் பெற்றார். அவளைப் பிரிந்தபின் குழந்தைகள் பாரிஸ் நகரில் அவருடைய தாயாரிடம் வளர்ந்தனர். தந்தையோ பல்லாண்டுகள் அவர்களைக் காணாதிருந்து, 1853-ம் ஆண்டிலேதான் மீண்டும் கண்டார். உலகம் முழுவதும் அவரைக் கண்டு களித்தபோது, காணவேண்டிய மூவர் காணவில்லை. இக்குறையை எந்தப் படமும் காட்டாது, வரலாறு காட்டுகின்றது. மகன் டேனியல் 1859-ம் ஆண்டு டிசம்பரில் இருபது வயதில் இறந்தான். மூத்த மகள் பிளாண்டீன் 1862-ம் ஆண்டில் இறந்தாள். இடையே, காரலீன் கோமகளை ரோமாபுரியில் மணக்க 1861-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, தம் ஐம்பதாம் பிறந்த நாளன்று, செய்திருந்த ஏற்பாடு கடைசி வேளையில் தடைப்பட்டுப் போயிற்று.

துயரமும் தனிமையும் அவரைச் சமய வாழ்வின்பால் திருப்பின. ரோமாபுரிக்கு அருகே ஒரு மடத்தின் அறையில் எளிமையாய்த் தங்கினார். 1863-ம் ஆண்டு ஒன்பதாம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவரே அவ்வறைக்கு வந்து அவர் வாசிக்கக் கேட்டார். 1865-ம் ஆண்டில் லிஸ்ட் சிறு பட்டங்கள் எனப்படும் தொடக்க நிலைக் குருத்துவப் பட்டங்களைப் பெற்றார். பூசை செய்யும் முழுக் குரு ஆகவில்லையாயினும், அன்றுமுதல் கறுப்பு அங்கி தரித்து அபே லிஸ்ட் என்று வழங்கப்பட்டார்.

இதற்குள் புகைப்படத் தொழில் பெரிதும் மாறிவிட்டது. கண்ணாடித் தகட்டில் எடுத்த ஒரு படத்தைக் காகிதத்திற் பலமுறை அச்சிடும் முறை வந்தது. டிஸ்தேரி என்பார் 1854-ம் ஆண்டில் உரிமை பெற்ற சிறு அட்டைப் படங்கள் மலிவாய் விற்கப்பட்டன. அரசர், நடிகர், இசைவாணர் முகங்களை எளியோரும் வாங்கி ஏட்டில் ஒட்டிச் சேர்த்தனர். மியூனிக் நகரத்து ஹான்ப்ஸ்டேங்கல், தகட்டில் உள்ள மறுக்களைத் தூரிகையால் திருத்தும் முறையை 1855-ம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் காட்டிப் புகழ்பெற்றவர். அவர் 1858-ம் ஆண்டில் எடுத்த லிஸ்ட்டின் படம் இன்றும் நூல்களில் மிகுதியாய்க் காணப்படுகின்றது.

கறுப்பு அங்கியுடன் லிஸ்ட்டின் படங்கள் கடைகளில் வந்தபோது பலர் நகைத்தனர். பழைய நடிகர் புதிய வேடம் புனைந்துள்ளார் என்றனர். அங்கி வேடமோ உண்மையோ என்பதைப் படம் எவ்வாறு சொல்லும்? துணியின் மடிப்பைக் கருவி காட்டும். அதனுள் இருக்கும் நெஞ்சை அதனாற் காட்ட இயலாது. அதற்குச் சான்று, படம் எடுக்க எவரும் இல்லாத நாள்களில் அவர் செய்த தொண்டே.

ஆசிரியர்

1869-ம் ஆண்டு முதல் அவர் வாழ்வு மூன்று ஊர்களிடையே பங்கிடப்பட்டது. ஆண்டுதோறும் ரோமாபுரி, வைமார், புடாபெஸ்ட் என மாறிமாறித் தங்கினார். புடாபெஸ்ட் நகரில் 1875-ம் ஆண்டு தொடங்கிய இசைக் கல்லூரிக்குத் தலைவராய் அமர்ந்து, அக்கட்டிடத்திலேயே குடியிருந்து பாடம் சொன்னார். பாரிஸ் கல்லூரி வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட சிறுவர், தம் நாட்டில் ஒரு கல்லூரியின் வாயிலைத் திறந்து வைத்தார்.

வைமாரில் அரண்மனைத் தோட்டக்காரருக்கு உரிய சிறு வீட்டின் மாடியில் அவர் தங்கினார். வாரத்தில் மூன்று நாள் பிற்பகலில் மாணவர் அங்கே கூடுவர். தாம் பயின்று வந்த ஏடுகளைப் பியானோவின்மேல் அடுக்கிவைப்பர். அவற்றுள் ஒன்றை லிஸ்ட் எடுத்து, உரியவரை அழைத்து வாசிக்கச் சொல்வார்; மற்றையோர் சுற்றிலும் நின்று கேட்பர். சில வேளை மாணவரை எழுப்பித் தாமே அமர்ந்து வாசித்துக் காட்டுவார். அமெரிக்கா, ரஷ்யா முதலிய தொலைநாடுகளிலிருந்தும் மாணவர் வந்தனர். வாழ்நாளில் அவரிடம் பயின்றோர் நானூற்றுக்கு மேற்பட்டவர் என்பர். எவரிடமும் அவர் கூலி பெறவில்லை. செர்னி தமக்குச் செய்ததைத் தாம் பிறர்க்குச் செய்தார்.

வைமாரில் லூயி ஹெல்டு என்னும் புகைப்படக்காரர் இருந்தார். 1884-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ந் தேதி, ஆசிரியரின் 73-ம் பிறந்த நாளன்று, அவர் மாணவர் குழாத்தைப் படம் பிடித்தார். லிஸ்ட்டின் படங்களுள் நாம் நெடிது நோக்கத்தக்கது இதுவே. படத்தில் பன்னிருவர் உளர். முன்வரிசையில் சிலோட்டி, பிரீட்ஹைம், எமில் சௌவர், ரைசனௌவர் முதலிய இளைஞர் இருக்கின்றனர். பின்வரிசையில் ரோசந்தாலும் பெண் மாணவியர் சிலரும் உள்ளனர். அப்பின்வரிசையில், மாணவியரிடையே, வெண்ணிறத் தலைமயிருடன் லிஸ்ட் காணப்படுகின்றார். ஒருகாலத்தில் மேடை முழுவதையும் தாம் ஒருவரே நிறைத்தவர், இங்கே இளைஞரை முன்னே விட்டுத் தாம் பின்னே நிற்கின்றார்.

இப்படத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை 1877-ம் ஆண்டிலேயே கண்டறிந்தாராயினும், லிஸ்ட்டின் வாசிப்பு எதுவும் பதிவாகி நமக்குக் கிட்டவில்லை. ஆனால் இப்படத்தில் உள்ள பிரீட்ஹைம், சௌவர், ரோசந்தால் ஆகியோர் இருபதாம் நூற்றாண்டிலும் வாழ்ந்து இசைத்தட்டுகளுக்கு வாசித்தனர். சௌவர் 1942-ம் ஆண்டிலும், ரோசந்தால் 1946-ம் ஆண்டிலும் மறைந்தனர். லிஸ்ட் இயற்றிய இரண்டு பியானோ கான்சர்ட்டோக்களைச் சௌவர் தம் முதுமையில் பதிவு செய்துள்ளார். அப்போது வாத்திய கோஷ்டியை நடத்திய வைன்கார்ட்னரும் லிஸ்ட்டிடம் பயின்றவரே. ஆசிரியர் விரல் எழுப்பிய ஒலி மறைந்துவிட்டது. அவ்விரலைப் பார்த்துப் பயின்ற விரல்களின் ஒலி இன்றும் கேட்கின்றது.

இறுதி ஆண்டு

1886-ம் ஆண்டு லிஸ்ட்டுக்கு உடல் தளர்ந்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வைமார் வீட்டுப் படிக்கட்டில் விழுந்ததிலிருந்து அவர் முன்போல் நலம் பெறவில்லை. கண்ணும் புரைபடர்ந்து மங்கிற்று, உடல் வீங்கிற்று. எனினும் நண்பர்கள் அழைத்த இடங்களுக்கெல்லாம் சென்றார். ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்துக்குச் சென்று வின்சர் அரண்மனையில் விக்டோரியா மகாராணியார் முன் வாசித்தார். அவர் முதன்முதல் அந்நாட்டில் கால்வைத்து அப்போது 62 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்கு முந்திய மாதம் பாரிஸ் நகரில் நதார் என்னும் புகழ்பெற்ற புகைப்படக்காரர் முன் லிஸ்ட் அமர்ந்தார். நதார் இளமையில் கேலிச்சித்திரம் வரைந்தவர். பின்னர் ரோசீனி, பெர்லியோஸ் முதலிய இசைப் பெரியார் பலரைப் படம் பிடித்தவர். அவர் எடுத்த படத்தில் மறைப்பு இல்லை. முகத்தில் உள்ள மறுக்கள் தெரிகின்றன; தோலின் சுருக்கமும் கண்களின் சோர்வும் தெரிகின்றன. ஓவியர் போற்றிய அழகும் கேலிச்சித்திரக்காரர் பழித்த செருக்கும் நீங்கி, முதிய மனிதர் ஒருவர் நம்மை நோக்குகின்றார். ஓர் ஊர்வலம் முடிந்தபின் வீடு திரும்பியவரின் முகம் அது.

ஜூலை மாதம் 19-ந் தேதி லக்ஸம்பர்க் நகரில் அவர் கடைசி முறையாகச் சபையில் வாசித்தார். இரண்டு நாள் கழித்து, மகள் கோசிமா நடத்திய வாக்னர் இசை விழாவுக்காகப் பேராயுத் நகரை அடைந்தார். சளியும் காய்ச்சலும் நுரையீரல் அழற்சியாய் முற்ற, ஜூலை மாதம் 31-ந் தேதி இரவு உயிர் நீத்தார். அந்நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மறு ஆண்டே, அஃதாவது 1887-ல், மக்னீசியத் தூள் கலந்த மின்னொளிப் பொடியை ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்னும் இருவர் கண்டறிந்தனர். இருண்ட மண்டபத்திலும் நொடிப்பொழுதிற் படம் எடுக்க அது வழிசெய்தது. 1925-ம் ஆண்டில் லைக்கா என்னும் சிறு கருவி விற்பனைக்கு வந்தபின், இசைவாணரை மேடையிலும் ஒப்பனை அறையிலும் பயணத்திலும் தொடர்ந்து படம் பிடிப்பது எளிதாயிற்று. லிஸ்ட்டுக்கோ அவையெல்லாம் காலங் கடந்து வந்தவை.

முடிவுரை

இன்று ஒரு கச்சேரி முடியுமுன்னரே அதன் படங்கள் உலகெங்கும் பரவுகின்றன. பாடகர் வாய் திறப்பதும், வாத்தியக்காரர் விரல் அசைப்பதும், அவர் உண்பதும் உறங்குவதுங்கூடப் படமாகின்றன. இத்துணை வசதி லிஸ்ட்டின் காலத்தில் இருந்திருப்பின், பெர்லின் நகரத்து வெண்குதிரை வண்டியும் கையுறைக்குச் சண்டையிட்ட கூட்டமுமே அவருடைய வரலாறு என்று நாம் எண்ணியிருக்கக்கூடும். புகைப்படக் கலையின் இளமைக் குறையினால் அந்த எட்டாண்டுகள் படமின்றிப் போயின. அதனால், மேடை துறந்தபின் அவர் வாழ்ந்த நீண்ட வாழ்வின்மேல் நம் கண் சென்று தங்குகின்றது.

வைமாரில் அவர் வாழ்ந்த தோட்டக்காரர் வீடும், புடாபெஸ்ட் நகரில் அவர் குடியிருந்த பழைய கல்லூரிக் கட்டிடமும் இன்று நினைவுக் கூடங்களாய் விளங்குகின்றன. அவ்விரண்டும் அவர் பொருள் ஈட்டிய இடங்கள் அல்ல. கூலியின்றிக் கற்பித்த இடங்கள். பயில்வோரும் பயிற்றுவோரும் ஆகிய நமக்கு இதனினும் நெருங்கிய பாடம் வேறு இல்லை. கைதட்டல் கேட்கும் நாள்கள் சிலவே. எவரும் நோக்காத பிற்பகல்களில் ஒருவர் மற்றொருவர்க்குப் பொறுமையுடன் சொல்லிக்கொடுப்பது எதுவோ, அது தலைமுறை கடந்து செல்லும். 1884-ம் ஆண்டுப் படத்தில் பின்வரிசையில் நிற்கும் முதியவர் அதனை நன்கறிந்தவர்.